வடக்கு ஜன்னலில் ஒட்டிய கறுப்பு பிலிம்

சாலமோன் அண்ணன் போய்விட்டார் என்று அவர் மகன் போன் செய்தபோது நான் பாதி மீசைக்கு மை அடித்திருந்தேன். மீதியை முடிக்கவும் தோன்றவில்லை, கழுவவும் தோன்றவில்லை. "அப்பா, காக்காயும் கொக்கும் ஒண்ணா உக்காந்த மாதிரி இருக்கு" என்றாள் மகள். அப்படியே குடியாத்தத்தில் பஸ் ஏறி ஆம்பூர் போய்ச் சேர்ந்தேன்.

ஷூ கம்பெனியில் அவரோடு வேலை பார்த்தவர்களுக்கு அந்த வடக்கு ஜன்னல் ஞாபகம் இருக்கும். தோலை அங்கே கொண்டுபோய்ச் சாய்த்துப் பார்க்காமல் எந்த லாட்டையும் பாஸ் பண்ண மாட்டார். நமக்கு ஒரே பழுப்பாகத் தெரிவதை அவர் நான்கு பழுப்பாகப் பிரித்து அடுக்குவார். அவசரப்படுத்திய மேனேஜரிடமே, "சாம்பிள் காட்டு சார், அப்புறம் பேசு" என்றவர். எட்டாவதோடு நின்ற நான் அவருக்குச் சாம்பிள் துண்டு தூக்கியே பதினெட்டு வருஷம் ஓட்டினேன்.

நுரையீரல் கெட்டுப் படுத்த பிறகு அவர் வீட்டிலும் கட்டிலை வடக்கு ஜன்னலோரம்தான் போட்டார்கள். வெளியே கொய்யா மரம், அதில் பழம் கொத்த வரும் பறவைகள்.

"இருமினா போதும், எல்லாம் பறந்துடுதுடா. அதுங்களுக்கு நான் தெரியக் கூடாது, எனக்கு அதுங்க கலர் தெரியணும். கண்ணாடில பிலிம் ஒட்றாங்களே, அதுல சாம்பிள் வாங்கினு வா. பாத்துச் சொல்றேன்."

வேறெதையும் அவர் கேட்கவில்லை.

கார் கண்ணாடிக் கடைக்காரர் மூன்று துண்டு வெட்டிக் கொடுத்தார். "ரூம்ல விளக்கு போடலைன்னா லேசான கலரே போதும்ண்ணா" என்றும் சொன்னார். நான் பெரிய அறிவாளி. மூன்றையும் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு, இருப்பதிலேயே கறுப்பானதை ஆள் விட்டு ஒட்டிவிட்டேன். வாசலைத் தாண்டி உள்ளே போகவில்லை.

"சாம்பிள் எங்கடா?" என்று கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"கடையில தர்றதில்லண்ணா."

அடுத்த வாரம் போனில் கூப்பிட்டார். "கிட்ட வருதுடா. ஆனா மாங்குயிலும் மைனாவும் ஒரே லாட்டா தெரியுது. ரிஜெக்ட்!" சிரிப்பு இருமலாகி அடங்க நேரமானது. "மாத்திக் குடுடா."

"ஞாயித்துக்கெழம வர்றேண்ணா."

நான்கு ஞாயிறு போனது. ஒன்றில் கல்யாணம், ஒன்றில் மகளின் பள்ளிக்கூட வேலை. மற்ற இரண்டுக்கு இன்றுவரை எந்தச் சாக்கும் அமையவில்லை.

சவப்பெட்டி பக்கத்தில் அண்ணி என் கையைப் பிடித்துக்கொண்டார். "கடைசி வரைக்கும் அந்த ஜன்னலையேதான் பாத்துக்கினு இருந்தாரு. நீ பண்ணது தம்பி." அறை இருட்டாகிவிட்டதால் பகலிலேயே டியூப்லைட் எரிந்தது. கண்ணாடியில் கட்டிலும் நாங்களும் தெரிந்தோம். மரம் எங்கோ மங்கலாக நின்றது.

இப்போது மகளுக்குத் துணி எடுத்தாலும் கடை வாசலுக்குக் கொண்டுவந்து சாய்த்துப் பார்க்கிறேன். அவரிடமிருந்து என்னிடம் தங்கியது அந்தப் பழக்கம் ஒன்றுதான்.

அன்று அண்ணியிடம் தலையை மட்டும் ஆட்டினேன். ஒவ்வொரு துண்டாக அவர் பார்த்து முடிக்கும்வரை அந்த மூச்சுச் சத்தத்துக்குப் பக்கத்தில் உட்காரப் பயந்துதான் சாம்பிளைக் கொண்டுபோகவில்லை என்று சொல்லவில்லை.