எட்டு போட்டுக்கொண்டே இருந்தேன்

மகனுக்குக் கருமாதி முடிந்த மறுநாள் அந்தப் பார்சல் வந்தது. தன் ஸ்போர்ட்ஸ் காருக்கு அவன் வரவழைத்திருந்த லிமிடெட் ஸ்லிப் டிஃபரன்ஷியல். ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றதை இழுக்க வைக்கும் சாமான். தியாகதுருகத்து மெக்கானிக் மாட்டிக் கொடுத்தார்.

"புதுசுங்க. மெதுவா எட்டு போட்டுப் பழக்குங்க, அப்பால ஆயில் மாத்திடலாம்."

வறண்ட ஏரிக்குள் எட்டு போட்டேன். பழகியது போதும் என்று எனக்கே தெரிந்தது. நிறுத்திவிட்டால் அவனுக்காகச் செய்ய வேறு வேலையே இல்லை. அந்தப் பயத்தில் சுற்றினேன். தூரத்துக் கல்வராயன் மலையும் என்னோடு சுற்றியது.

ஆடு மேய்த்துக்கொண்டிருந்த ஒரு பெண்மணி குறுக்கே வந்து நின்றார்.

"இன்னாங்க, சுத்திக்கினே இருக்கீங்க? எதுனா தொலைச்சிட்டீங்களா?"

"ஆமாம்மா."

"சின்னதா, பெருசா?"

"பெருசு."

"வண்டியில ஒக்காந்துகினு தேடுனா ஆப்புடுமா? எறங்குங்க."

ஆடுகளை அப்படியே விட்டுவிட்டு, குனிந்து தேட ஆரம்பித்தார். எஞ்சினை அணைத்தேன். நானும் தரையைப் பார்த்தபடி அவர் பின்னால் நடந்தேன். என்ன பொருள் என்று அவர் கடைசிவரை கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்தவர்கள் எல்லோரும் மறக்கத்தான் சொன்னார்கள். என்னோடு சேர்ந்து தேடியவர் அவர் ஒருவர்தான்.