என் பக்கத்தை வந்து பார்த்தவர்

அண்ணன் தொண்ணூறுகளின் நடுவில் கப்பல் வேலைக்குப் போனான். சமையல்கட்டில் உதவியாள். மூன்று கடிதங்கள் வந்தன, அப்புறம் ஒன்றுமில்லை. ஏதோ ஒரு துறைமுகத்தில் இறங்கியவன் திரும்பக் கப்பலேறவில்லை என்று அனுப்பிவைத்த ஏஜென்ட் சொன்னார். சில வருடங்கள் காத்திருந்தோம். பிறகு ஒரு கல்லறைத் திருநாளுக்கு அம்மாவே இறந்தவர்களுக்கான பூசைக்கு அவன் பெயரை, எங்கள் அப்பா நைனாவின் பெயருக்குக் கீழே எழுதி, கோயிலில் கொடுத்துவிட்டு வந்தாள்.

அந்த நாட்களில் நான் ராயபுரத்தில் ஒரு பிரவுசிங் சென்டரில் சாட் செய்யப் பழகியிருந்தேன். அங்கே எனக்கு வேறு பெயர், வேறு ஊர். விமானப் பணிப்பெண் என்றுகூடச் சொல்லியிருக்கிறேன். எதிரில் இருந்தவர்களும் அப்படித்தான் சொல்லியிருப்பார்கள். யாரும் யாரையும் நம்பவில்லை, அதனால் வருத்தமும் இல்லை.

கல்யாணமாகி, திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டு ஆபீஸில் சேர்ந்த பிறகு எல்லாம் தலைகீழாக மாறியது. சொந்தப் பெயரில், சொந்த முகத்தோடு பக்கம் வைத்துக்கொள்ளும் தளம் வந்தது. சூப்பர்வைசர் முதல் கேஷியர் அம்மா வரை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அதில்தான் கிடந்தார்கள். பொய்ப் பெயரில் சுற்றிய நான் கல்யாணப் படங்களை ஏற்றினேன். அம்மா இறந்தபோது அடக்கத்தன்று எடுத்த படங்களையும் ஏற்றினேன். முன்பின் தெரியாதவர்கள்கூட இரங்கல் எழுதினார்கள். அது எனக்கு ஆறுதலாகத்தான் இருந்தது.

ராயபுரத்தில் வளர்ந்தவர்களுக்கென்று அந்தத் தளத்தில் ஒரு குழு இருந்தது. மலேசியாவில் பினாங்கில் வேலை பார்க்கும் ஒருவர் அங்கே நடந்த ஒரு ஞானஸ்நான விருந்தின் படத்தைக் குழுவில் போட்டிருந்தார். சும்மா பார்த்துக்கொண்டிருந்தேன். கேக்குக்குப் பின்னால், முடி கொட்டிப்போன ஒரு ஆள் கைக்குழந்தையோடு நின்றான். இடது பாதத்தை வலது பாதத்தின் மேல் வைத்திருந்தான். அப்படி நிற்காதே என்று அம்மா அண்ணனை எத்தனை முறை அடித்திருப்பாள்.

படத்தைப் பெரிதாக்கி அந்தக் கால்களையே பார்த்தேன்.

படத்தை பிரிண்ட் எடுத்துக்கொண்டு, அரை நாள் லீவு சொல்லிவிட்டு அக்கா வீட்டுக்குப் போனேன். அவள் கம்ப்யூட்டரைத் தொட்டதே இல்லை. காகிதத்தை வாங்கி வெளிச்சத்தில் பிடித்தாள்.

"நைனா மாதிரி கீது," என்றாள். பிறகு கால்களைப் பார்த்தாள். "அம்மா செத்தது அவனுக்குத் தெரியாதேடி. யாரு சொல்றது?" என்றாள்.

மறுநாள் பினாங்குக்காரருக்கு எழுதிக் கேட்டேன். அவர் சாதாரணமாகப் பதில் போட்டார்: அந்த ஆளும் நம் குழுவில் இருக்கிறாரே, முகத்துக்குப் பதில் ரோஜாப்பூ படம் போட்டவர், சேர்ந்து ஒரு வருடத்துக்கு மேலாகிறது.

அந்த ரோஜாப்பூவை எனக்குத் தெரியும். என் பக்கத்தை யார் யார் பார்த்தார்கள் என்று ஓரத்தில் பெயர்களும் படங்களும் வரும். அதில் வாரம் தவறாமல், ஏதோ ஒரு பெயரில், ஒரு ரோஜாப்பூ இருக்கும். எவனோ வேலையில்லாதவன் என்று நினைத்திருந்தேன். அம்மாவின் அடக்கப் படங்களை நான் ஏற்றிய வாரத்திலும் அது வந்திருந்தது. அவனுக்கு எல்லாம் தெரியும். அம்மாவின் பெட்டியை யார் யார் தூக்கினார்கள் என்பது வரை பார்த்திருக்கிறான். பார்த்துவிட்டு, ஒரு எழுத்துகூட எழுதாமல் போயிருக்கிறான்.

அவன் உயிரோடு இருந்தது தந்த அதிர்ச்சியைவிட இது பெரிதாக இருந்தது. அக்காவிடம் சொல்ல இரண்டு நாள் ஆயிற்று. அவள் அழவில்லை. சாயங்காலம் மற்றவர்கள் கிளம்பிய பிறகு யார்டு ஆபீஸுக்கு வந்து என் நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு எழுத்தாகத் தேடி, தமிழை இங்கிலீஷ் எழுத்தில் தானே தட்டினாள். 'நீ பாத்துகினு கீறது தெரிஞ்சிபோச்சி. இனிமே ஒளியாத.'

பதில் வர எட்டு நாள் ஆனது. உரிய ஆவணங்கள் இல்லாமல் இறங்கிவிட்டதாகவும், மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில் சில வருடங்கள் எழுதவில்லை என்றும், பிறகு எந்த முகத்தோடு எழுதுவது என்று தெரியவில்லை என்றும் எழுதியிருந்தான். அம்மாவைப் பற்றி எழுத ஆரம்பித்து பாதியில் விட்டிருந்தான்.

நான் பதில் போடவில்லை. என் படங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிட்டேன். யாரோ எங்கிருந்தோ பார்க்கிறார்கள் என்ற எண்ணம் உடம்பில் ஒட்டிக்கொண்டது. பல மாதங்கள் அந்தத் தளத்தைத் திறக்கவே இல்லை.

அக்கா நேர்மாறாக மாறினாள். மகனிடம் சொல்லித் தனக்கென்று ஒரு பக்கம் தொடங்கினாள். அண்ணன் அங்கே கட்டிக்கொண்ட பெண்டாட்டிக்குத் தமிழ் தெரியாது. அக்கா தினமும் அவளுக்குச் சிரிக்கும் முகப் பொம்மைகள் அனுப்பினாள், அங்கிருந்தும் பொம்மைகள் வந்தன. அவனோடு எப்படிப் பேச முடிகிறது என்று ஒருமுறை கேட்டேன்.

"கோவம் எனக்கும் கீது," என்றாள். "அத அவங்கிட்ட சொல்றதுக்காவது அவன் வேணும்ல."