ஆறாவது ரப்பர் பேண்டு

கொடைக்கானலில் ஒரு சின்னக் கல்லூரியில் அப்பா பி.டி. சாராக இருந்தார். பெண்கள் கிராஸ் கன்ட்ரி ஓட்ட அணி என்று ஒன்றை அவர் தனியாளாக நடத்தினார். ஒரு ஸ்டாப்வாட்ச், ஒரு விசில், ஏற்றத்தில் முனகும் ஒரு மொபெட், ஒன்பது வயதில் நான். அவ்வளவுதான் மொத்த ஏற்பாடும்.

ஆண்டுக்கு ஒருமுறை தேர்வு ஓட்டம். செண்பகனூரில் கிளம்பி, பைன் மரங்களுக்கு நடுவே ஏறி, மேட்டிலிருக்கும் தண்ணீர்த் தொட்டியைச் சுற்றித் திரும்ப வேண்டும். யாரும் பாதியிலேயே திரும்பிவிடக் கூடாது என்பதற்காக, தொட்டியடியில் நான் நின்று ஒவ்வொருவர் கையிலும் ஒரு ரப்பர் பேண்டை மாட்டிவிடுவேன். அது இல்லாமல் வந்தால் ஓடியது செல்லாது. எனக்கு அதில் ஏகப்பட்ட தலைக்கனம்.

முதல் ஆறு பேர் அணியில் சேர்வார்கள். அணியில் இருப்பவர்களுக்கு விடுதி இலவசம். எங்கள் வீட்டில் தங்கிப் படித்த சித்திக்கு விடுதி தேவையில்லை. போட்டிகளுக்கு ஊர் ஊராகப் போய்வர ஆசை, அவ்வளவுதான். மன்னவனூரிலிருந்து வந்து படித்த ஒரு அக்காவின் கதை வேறு. தினமும் பஸ்ஸில் வந்து போக முடியவில்லை, விடுதி கிடைக்காவிட்டால் கேரட் தோட்டத்துக்கு வந்துவிடு என்று வீட்டில் சொல்லிவிட்டார்கள். இதை அவளே என்னிடம் சொல்லியிருந்தாள்.

அன்று கையை நீட்டினால் விரல் தெரியாத பனி. ஐந்து பேருக்கு மாட்டியாயிற்று. பிறகு ஆளையே காணோம். கீழேயிருந்து சித்தி இருமும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்குப் பாவமாகப் போய்விட்டது. குறுக்குப் பாதையில் இறங்கி ஓடி, பாதி வழியிலேயே அவள் கையில் மாட்டிவிட்டேன். சித்தி ஒரு நிமிடம் மேட்டைப் பார்த்தாள். பிறகு திரும்பி இறங்கிவிட்டாள்.

நான் மேலே வந்தால், மன்னவனூர் அக்கா தொட்டியைச் சுற்றிச் சுற்றி என்னைத் தேடிக்கொண்டிருந்தாள். நான் குறுக்கே இறங்கிய நேரத்தில் அவள் ரோட்டு வழியாக ஏறி வந்திருக்கிறாள்.

“ஏ பாப்பா, எங்கிட்டுப் போன? எம்புட்டு நேரமாக் கத்துறேன்! வெரசா மாட்டு” என்று கையை நீட்டினாள்.

நான் கீழே போய்ச் சேர்ந்தபோது அப்பா எழுதி முடித்திருந்தார். ஆறாவது சித்தி, ஏழாவது அக்கா.

“என்னம்மா, ஏறும்போது நீதான முன்னாடி போன? என்ன ஆச்சு?” என்று அக்காவைக் கேட்டார். பிறகு என்னிடம் திரும்பி, “நீ தொட்டிகிட்டயேதான நின்ன?” என்றார்.

“ஆமாப்பா” என்றேன்.

அக்கா என்னைப் பார்த்தாள். குனிந்து ஷூ லேஸை அவிழ்த்துக்கொண்டிருந்த சித்தியைப் பார்த்தாள். “மூச்சு வாங்கிருச்சு சார்” என்றாள்.

அடுத்த வாரத்திலிருந்து அவள் கல்லூரிக்கு வரவில்லை. சித்தி அதன்பின் எத்தனையோ ஊர்களில் ஓடினாள். அந்தத் தேர்வைப் பற்றி மட்டும் இன்றுவரை வாய் திறந்ததில்லை. நானும் கேட்டதில்லை. கேட்டிருக்க வேண்டும். அப்பாவிடமாவது சொல்லியிருக்க வேண்டும்.

அன்றைக்கு எனக்கு ஒரே சந்தோஷம். அக்காவுக்கு என் மேல் எத்தனை பிரியம், என்னைக் காட்டிக்கொடுக்கவே இல்லையே என்று நினைத்துக்கொண்டேன். தேர்ந்தெடுத்தவர் அப்பா, இடம் பிடித்தவள் சித்தி, சாட்சி நான். மூன்று பேரும் காலையில் ஒரே வீட்டிலிருந்து கிளம்பி வந்தவர்கள். அவள் வேறு யாரிடம் போய்ச் சொல்லியிருப்பாள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.