பவர் வாங்கிய மருமகள்

"மாமா, சட்டையைத் திருப்பிப் போட்டிருக்கீங்க. உள்பக்கம் வெளியில தெரியுது."

"நான் இப்படித்தான் போடுவேன்."

"தாராளமா போடுங்க. பொத்தான் உறுத்துதுன்னு அப்புறம் என்கிட்ட வரக் கூடாது."

தையல் மெஷினிலிருந்து காலை எடுக்காமலே சண்டை போடுகிறார் மருமகள். எண்பதைத் தாண்டிய மாமனார் கொஞ்ச நேரம் முறைக்கிறார். பிறகு தானே சட்டையைக் கழற்றித் திருப்பிப் போட்டுக்கொள்கிறார். பொத்தான் ஓட்டைக்குள் நுழையாமல் விரல் தடுமாறும்போது மெஷின் நிற்கிறது. ஆனால் மருமகள் எழுந்து போவதில்லை, காத்திருக்கிறார்.

துணிகளைப் பிரித்து, சுருக்கி, நீட்டிக் கொடுப்பது அவர் தொழில். வாயோரம் இரண்டு குண்டூசிகளைக் கவ்விக்கொண்டே தெளிவாகப் பேசுவார். "போன தடவைக்கு இப்ப ரெண்டு விரல் ஏறிட்டீங்க," என்று முகத்துக்கு நேரே சொல்லித்தான் என் பேன்ட்டை வாங்கினார். நான் நெளிந்தேன். "உள்ளதைச் சொன்னா கோபமா?" என்றார். ஒரு நாளைக்குப் பத்துப் பேரிடமாவது அதைக் கேட்பார் போலிருக்கிறது.

கல்யாணமாகி வந்த நாளிலிருந்தே மாமனாரோடு வாக்குவாதம்தான். வீட்டுக்குப் பக்கத்திலேயே லேத் பட்டறை வைத்திருந்தவர் அவர், சொன்னால் சொன்னதுதான். மகன்கள் இருவரும் தலையாட்டுவார்கள். இந்த மருமகள் மட்டும் "ஏன்?" என்பார். 'இன்ஸ்பெக்டர்' என்று பெயர் வைத்தார் மாமனார்.

ஒரு நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு வெளியே வந்த மாமனாருக்கு வீடு எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. இது மறதி நோய், இனி கூடத்தான் செய்யும் என்றார் டாக்டர். நினைவு நன்றாக இருக்கும்போதே ஏற்பாடு செய்துவிட வேண்டும் என்று குடும்பத்தோடு வக்கீலிடம் போனார் பெரியவர். வக்கீல் எல்லோரையும் வெளியே அனுப்பிவிட்டு அவரிடம் தனியாகக் கேட்டார். கதவு திறந்தபோது, தன் சொத்தையும் வைத்தியத்தையும் பார்த்துக்கொள்ளும் அதிகாரம், அதாவது 'பவர்', இளைய மருமகளான இவருக்கு என்று முடிவாகியிருந்தது.

மகன்களிடம் பெரியவரே சொன்னாராம்: "நீங்க ரெண்டு பேரும் யார் எதைச் சொன்னாலும் சரிம்பீங்க. எனக்கு வாய் இல்லாம போனப்புறம், எனக்காக ஏன்னு கேக்க ஒருத்தி வேணும்டா."

"நான் முதல்ல வேண்டாம்னுட்டேன்," என்கிறார் இவர். "கண்ணாடிப் பவரே ஏறிக்கிட்டு போகுது, இந்தப் பவர் வேறயா?"

போன வருடம் அந்தப் பவருக்குச் சோதனை வந்தது. மூத்த மகன் இந்த வீட்டை வாங்க ஆள் பார்த்துவிட்டார். விற்றுவிட்டு, அப்பாவை நல்ல முதியோர் இல்லத்தில் சேர்க்கலாம் என்றார். கெட்ட எண்ணம் இல்லை. தம்பி லாரி ஓட்டுகிறவர், பாதி நாள் வீட்டில் இருப்பதில்லை. தம்பி மனைவி ஒற்றை ஆளாக அல்லாடுவதைப் பார்த்துத்தான் சொன்னார்.

"நீ ஒரு கையெழுத்துப் போட்டா முடிஞ்சுதும்மா."

"கையெழுத்து என்னோடது அத்தான், வீடு அவரோடது. கேட்டுட்டுச் சொல்றேன்."

"அவருக்கு என்ன தெரியும்? நேத்து என்னையே யாருன்னு கேட்டார்!"

"காலையில தெளிவா இருப்பார். அப்ப கேக்கறேன்."

குளிப்பாட்டி, வெயிலில் உட்கார வைத்து, சின்னச் சின்ன வார்த்தையில் கேட்டார். முதல் நாள், "வித்துடு" என்றார் பெரியவர். இவர் அதைப் பிடித்துக்கொண்டு ஓடவில்லை. மறுநாளும் கேட்டார். "வித்துட்டா நான் எங்க உக்காருவேன்?" என்றார் அவர். அதற்கடுத்த நாள் அவரே பேச்சை எடுத்தார்: "பட்டறையைக் கொடுத்துடு. அங்க எனக்கு இனிமே வேலை இல்லை." அதன் பிறகு எத்தனை தரம் கேட்டும் அந்தப் பதில் மாறவில்லை.

பட்டறை போயிற்று. அந்தப் பணத்தில் பகல் நேரத்துக்கு ஒரு நர்ஸ் வருகிறார். கோபித்துக்கொண்டு சில மாதம் எட்டிப் பார்க்காத மூத்த மகன்தான் அந்த நர்ஸைத் தேடிப் பிடித்துக் கொடுத்தார். இப்போது விடுமுறை நாட்களில் அப்பாவுக்குச் சவரம் செய்துவிட வருகிறார்.

"விக்கணும்னு எனக்கும் ஆசைதான்," என்று இடுப்பைப் பிடித்துக்கொண்டு சொன்னார் இவர். "ஒடியுது. ஆனா என் ஆசைக்கா பவர் கொடுத்தார்?"

சென்ற வாரம் இருவரையும் வங்கியில் பார்த்தேன். மேஜைக்கு எதிரே மாமனாரும் மருமகளும் பக்கத்துப் பக்கத்து நாற்காலியில். பவர் பத்திரத்தைப் புரட்டிப் பார்த்த அதிகாரி, பெரியவரின் தலைக்கு மேலாக இவரைப் பார்த்து, "ஐயா இப்ப எப்படி இருக்கார்?" என்று கேட்டார். பெரியவர் தன் முழங்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

 மருமகள் தன் நாற்காலியைச் சத்தம் வரும்படி பின்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். அதிகாரிக்கு எதிரே இப்போது பெரியவர் மட்டும்தான் இருந்தார்.