தலை போன கூடை

அம்மாவின் மொபெட் பாம்பன் பாலத்தை விட்டு இறங்கி முடிக்கிற இடத்தில் வெடித்தது. வெடித்தது என்று சொன்னது அம்மா. உண்மையில், எஞ்சின் தலையில் முறுக்கி வைக்கிற ஸ்பார்க் பிளக் இருக்கிறதே, அதன் ஓட்டையில் பிளக்கை இறுக்கிப் பிடிக்கிற திருகு மரை தேய்ந்துபோய், உள்ளே இருந்த அழுத்தம் பிளக்கை சோடா மூடி மாதிரி வெளியே தெறிக்க விட்டிருந்தது. ஒயர் பிடித்துக்கொண்டதால் அது எங்கேயும் பறக்கவில்லை. அங்கிருந்து எங்கள் ஊர் அக்காள்மடம் வரை வண்டியை உருட்டிக்கொண்டே வந்து சேர்ந்தாள்.

"டப்புனு ஒரு சத்தம்டி! முன்னால போன வேன்காரன் இறங்கி அவன் டயரைக் குனிஞ்சு பாக்குறான். நானும் அவன் டயருதான்னு நெனச்சு ஐயோ பாவம்னேன்."

நான் மெக்கானிக்கல் முடித்துவிட்டு இன்டர்வியூ மெயிலுக்காக போனைத் தேய்த்துக்கொண்டிருந்த நேரம் அது. டார்ச் அடித்துப் பார்த்தேன். ஓட்டையின் ஓரத்தில் நீலமாக ஏதோ உருகி ஒட்டியிருந்தது.

"இது என்னம்மா?"

"வலை நூலு."

"பிளக்குலயா?"

"போன வாரம் லொடலொடன்னு ஆடுச்சு. தண்ணிக் குழாய்க்கு சுத்துறோம்ல, அது மாதிரி சுத்தி இறுக்குனேன். நயினார்கோவில் போயிட்டுத் திரும்பி பாலம் வரைக்கும் வந்துருச்சா இல்லையா? அதைச் சொல்லு மொதல்ல."

நைலான் நூல் அவ்வளவு தூரம் தாக்குப்பிடித்ததே பெரிய விஷயம்.

மரை தேய்ந்ததற்கும் காரணம் அம்மாதான், ஆனால் அம்மா மட்டும் இல்லை. எங்கள் தெருவில் வண்டி வைத்திருக்கிற எல்லோருக்கும் இந்த வியாதி உண்டு. உப்புக் காற்றில் பிளக் இறுகி ஒட்டிக்கொள்ளும் என்று பயம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்ததும் ஆளாளுக்கு வாசலில் உட்கார்ந்து பிளக்கைக் கழற்றி, துடைத்து, எண்ணெய் தடவி, திரும்ப மாட்டுவார்கள். மாட்டும்போது பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கடைசி முறுக்கு. நங்கூரக் கயிற்றை முடிச்சுப் போடுகிற கை அது, பாதியில் நிற்கத் தெரியாது. எஞ்சின் தலையோ அலுமினியம். எத்தனை ஞாயிறுதான் தாங்கும்?

வண்டி என்றால் அம்மாவுக்குக் கருவாட்டு வியாபாரம். வாரத்துக்கு ஒரு தடவை கூடையைப் பின்னால் கட்டிக்கொண்டு நயினார்கோவில் பக்கத்து ஊர்களுக்குப் போய் வருவாள். வண்டி வாங்குவதற்கு முன்னால் பஸ்தான். கருவாட்டுக் கூடையைப் பார்த்ததும் பஸ் நிற்காமல் போகும். நின்றாலும் கடைசி சீட்டுக்குக் கீழே தள்ளிவிட்டு, ஊர் வந்துசேரும் வரை ஆளாளுக்கு மூக்கைப் பொத்துவார்கள். அந்தப் பஸ்ஸில் இனிமேல் ஏறுவதில்லை என்று சொல்லித்தான் ஒரு பழைய டூ-ஸ்ட்ரோக் மொபெட்டை வாங்கி ஓட்டப் பழகினாள். இரண்டு தடவை கருவேல முள்ளுக்குள் விழுந்தாள். அதைப் பற்றி வீட்டில் பேசக் கூடாது.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, தலையே புதுசு போடணும், இந்த மாடலுக்கு எங்கேயும் கிடைக்காது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். கடலில் இருந்து வந்த அப்பா கைகால் கூடக் கழுவாமல் தீர்ப்பைச் சொன்னார்.

"பழைய இரும்புக்குப் போட்டுரு. பஸ்ல போ. இல்ல, இங்கன வர்ற யாவாரிக்கே கருவாட்டக் குடுத்துரு."

"ஒங்க போட்டு எஞ்சின் நின்னா போட்டையே இரும்புக்குப் போடுவீகளோ?"

அப்பா கைகால் கழுவப் போய்விட்டார்.

"யம்மா, தலை வேண்டாம். மரை மட்டும் புதுசாப் போடலாம். ராமநாதபுரத்துல லேத்துப் பட்டறைல புஷ் போடுவாங்க."

"நெசமாவா? இல்ல படிச்சுட்டேன்னு அளக்குறியா?"

நாலு நட்டுதான். நான் ஸ்பேனர் பிடிக்க அவள் வண்டியைப் பிடிக்க, தலை கழன்று கையில் வந்தது. உள்ளங்கையில் அடங்குகிற விசிறி மடிப்பு அலுமினியம். அம்மா அதைப் பிளாஸ்டிக் பையில் சுற்றினாள். அப்புறம் பழக்கதோஷத்தில் தன்னுடைய கருவாட்டுக் கூடைக்குள் வைத்தாள்.

பஸ் படியிலேயே கண்டக்டர் கையைக் குறுக்கே நீட்டினார்.

"யக்கா, கூடை ஏறாது. உள்ள என்ன?"

"தலை."

"தலைன்னா? மீன் தலையா?"

"மீன் தலை இல்லய்யா. வண்டித் தலை."

"வண்டிக்கு எங்கன இருக்கு தலை? மோந்தா கருவாடு வருது."

"கூடை வாசம் அது. தலைய மோந்து பாரு." பையைப் பிரித்து அவர் மூக்குக்கு நேராக நீட்டினாள். எரிந்த எண்ணெய் நாற்றம் அடித்திருக்க வேண்டும். முகத்தைச் சுளித்து, "இதுக்குக் கருவாடே தேவலை, ஏறுங்க" என்றார். பஸ்ஸில் பாதிப் பேர் சிரித்தார்கள். நானும் சிரித்துவிட்டேன். அம்மா சிரிக்கவில்லை. கூடையை மடியில் வைத்துக்கொண்டு ராமநாதபுரம் வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

பட்டறைக்காரர் தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஓட்டையைப் பெரிதாக்கி, அதில் புது மரை வெட்டி, சின்னக் குழாய் மாதிரி ஒரு இரும்புப் புஷ்ஷை முறுக்கி இறக்க வேண்டும். பிளக்குக்கான மரை அந்தப் புஷ்ஷுக்குள் இருக்கும்.

"ஓரத்துல அலுமினியம் கொஞ்சந்தான் மிச்சம். மரை வெட்டயில கோணிருச்சுன்னா இந்தத் தலை அவ்வளவுதான். பரவால்லயா?"

அம்மா என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். தைரியமாக ஆட்டினேன் என்றுதான் நினைக்கிறேன்.

"வெட்டுங்க தம்பி" என்றாள்.

மரை வெட்டுகிற டேப்பில் கிரீஸ் தடவி, கொஞ்சம் உள்ளே முறுக்கி, கொஞ்சம் திரும்ப எடுத்து, சீவலைத் துடைத்துவிட்டு மறுபடி முறுக்கினார். "பாப்பா, நேரா போகுதா பாரு" என்றார். பாப்பாவாம். இருந்தாலும் மூலைமட்டத்தை வைத்து இரண்டு பக்கமும் பார்த்துச் சொன்னேன். நேராகத்தான் போனது. அம்மா உதட்டுக்குள் மாதாவைக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். புஷ் இறங்கியதும் அதன் விளிம்பைச் சுற்றிச் சின்ன உளியால் தட்டிப் பூட்டினார்.

"உள்பக்கம் நீட்டலையே? பிஸ்டன் இடிக்கும்" என்றேன்.

"தடவிப் பாரு."

தடவினேன். வழவழப்பாக இருந்தது. அம்மாவும் விரலை விட்டுத் தடவினாள், எதற்கென்று தெரியாமலே.

வீட்டுக்கு வந்து தலையை மாட்டினோம். அம்மா பிளக்கை விரலாலேயே முறுக்கினாள். தடங்கலே இல்லாமல் போய் உட்கார்ந்தது. ஸ்பேனரை எடுத்தாள். "கால் சுத்து, போதும்" என்றேன். கால் சுற்று சுற்றினாள். ஸ்பேனரை விட்டுக் கை வரவில்லை. தோள் இறுகுவது தெரிந்தது.

"யம்மா."

"பாதில விட்ட மாதிரி இருக்குடி."

"பாதி இல்ல. அவ்வளவுதான்."

ஸ்பேனரை என் மடியில் போட்டுவிட்டு எழுந்துபோய்க் கை கழுவினாள்.

அடுத்த வியாபாரத்துக்கு விடிந்ததும் கிளம்பிவிட்டாள். பாலத்தைத் தாண்டியிருப்பாளா, மண்டபம் போயிருப்பாளா என்று கணக்குப் போட்டுக்கொண்டே நான் காலைச் சாப்பாட்டைத் தள்ளிப்போட்டேன். அப்பாவும் வலை பிரிக்கிற சாக்கில் வாசலிலேயே இருந்தார். போன் அடித்ததும் என்னை முந்திக்கொண்டு எடுத்து ஸ்பீக்கரில் போட்டார்.

"நயினார்கோவில் வந்துட்டேன். இந்தா கேளு."

போனை எஞ்சினுக்குப் பக்கத்தில் பிடித்திருக்கிறாள். படபடபட என்று சீராக ஓடிக்கொண்டிருந்தது. அப்பா ரொம்ப நேரம் கேட்டார். "ம்" என்றார்.

"ஏண்டி, இருக்கியா?" என்றாள் அம்மா. "வண்டிக்கு மரை நல்லாருக்கு. இன்னும் சாப்பிடாமத்தான கெடக்க, மரை கழண்டவளே? வாரப்ப ஒனக்கும் ஒரு புஷ் வாங்கியாரவா?"