மாமா கையில் நின்றுபோன பிள்ளை

எங்கள் மகள் அமுதாவைப் போர்டிக்சனில் இருக்கும் அவள் மாமன் வீட்டுக்கே அனுப்பிவிடலாம் என்று நானும் என் மனைவி கவிதாவும் முடிவு செய்தோம். ஞாயிற்றுக்கிழமை அனுப்புவதாக இருந்தது. அதற்கு முந்திய வெள்ளிக்கிழமை நம் தோட்டத்து மாரியம்மன் எங்களுக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். எனக்கு அலங்காரமாக எழுத வராது. ரப்பர் தோட்டத்தில் பால் மரம் வெட்டிய குடும்பத்தில் முதன்முதலில் படித்தவன் நான். இப்போது கோலா சாவா பக்கத்துச் செம்பனை எண்ணெய் ஆலையில் ஆய்வுக்கூட வேலை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

எங்களுக்குப் பிள்ளை இல்லை. சிரம்பானில் டாக்டர் இதற்கு மேல் உங்களை அலைக்கழிக்க எனக்கு மனமில்லை என்று சொல்லிவிட்டார். பிறகு கவிதாவேதான் தத்து எடுக்கலாம் என்றாள். மலேசியா, இந்தியா என இரண்டு நாட்டு அலுவலகங்கள், நீதிமன்றம், எத்தனையோ மாதக் காத்திருப்பு. கடைசியில் தமிழ்நாட்டில் ஒரு குழந்தைகள் இல்லத்திலிருந்து அமுதாவை அழைத்து வந்தோம். அப்போது அவளுக்கு ஆறு வயது. விமானத்தில் என் தோளில் சாய்ந்து தூங்கினாள். அந்தத் தோளை அசைக்காமலே வந்து சேர்ந்தேன்.

என் அம்மாவுக்குச் சந்தோஷம் தாளவில்லை. "கடல் தாண்டி வந்த புள்ளடா. கண்ணு பட்டுறக் கூடாது. ஆத்தாகிட்டக் கொடுத்து வாங்கிடுவோம்" என்றார்.

இந்த வழக்கம் உங்களில் பலருக்குத் தெரியும். பிள்ளையை அம்மனுக்கே கொடுத்துவிடுவோம். பூசாரி அம்மன் சார்பில் அதைத் தாய்மாமன் கையில் கொடுப்பார். பெற்றவள் ஒரு கைப்பிடி தவிட்டை மாமனிடம் கொடுத்துப் பிள்ளையை வாங்கிக்கொள்வாள். அதற்குப் பிறகு அது அம்மன் கொடுத்த பிள்ளை. யாரும் பிரிக்க முடியாது.

கவிதாவின் அண்ணன் மோகன் போர்டிக்சனில் லாரி ஓட்டுகிறார். மாமன் முறைக்குப் புது வேட்டி கட்டிக்கொண்டு வந்தார். "என்னா மாப்ள, ஆறு வயசுப் புள்ளையத் தவிட்டுக்கு வாங்குறீங்களே, எனக்கு ஒரு மூட்டையாவது வேணும் லா" என்று எல்லாரையும் சிரிக்க வைத்தார். பூசாரி அமுதாவின் நெற்றியில் குங்குமம் வைத்து, "அம்மன் புள்ள, பிடிச்சுக்கோ" என்று அவர் கையில் கொடுத்தார். அந்த நேரம் பார்த்து மழை கொட்டியது. சாப்பாட்டுக் கொட்டகையின் தார்ப்பாய் தண்ணீர் தேங்கித் தொங்கியது. ஆண்கள் கம்பத்தைப் பிடிக்க ஓடினோம். பெண்கள் சோற்றுப் பானையை இழுத்தார்கள். ஒரே சிரிப்பு, கூச்சல். எல்லாம் நல்லபடியாக முடிந்தது என்று வீடு திரும்பினோம்.

அன்றிலிருந்து பிள்ளை மாறிப்போனாள்.

கேட்டதற்கு மட்டும் "சரி", "வேணாம்" என்பாள். தானாக ஒரு வார்த்தை இல்லை. வந்த முதல் வாரம் கவிதாவை "அம்மா" என்று இரண்டொரு முறை கூப்பிட்டவள், பிறகு எப்படியும் கூப்பிடாமலே சமாளித்தாள். கவிதா வாங்கிக் கொடுத்த சட்டைகளை அலமாரியில் வைக்க மாட்டாள். எல்லாம் அவள் பையிலேயே மடிந்து இருக்கும். தட்டில் பாதிச் சோறு மிஞ்சும்.

ஞாயிறு மட்டும் வேறு மாதிரி. அன்று மோகன் மச்சான் மீன் வாங்கிக்கொண்டு வருவார். அவர் கார் சத்தம் கேட்டதும் அமுதா காலில் சப்பாத்து மாட்டிக்கொண்டு, பையைத் தோளில் போட்டு வாசலில் நிற்பாள்.

"பாரேன், மாமன்னா உசுரு" என்று அம்மா சிரிப்பார்.

மச்சானுக்கும் பெருமை. "ரத்தம் பேசலன்னாலும் மாமன் முறை பேசுதுல்ல?" என்பார்.

கவிதா சிரிக்கவில்லை. மாதங்கள் போகப் போக அவள் முகம் வாடியது. ஒரு நாள் துணி காயப்போட்டுக்கொண்டே சொன்னாள்: "ஏங்க, அண்ணன் வீட்ல ரெண்டு பொம்பளப் புள்ளைங்க இருக்கு. அங்க இருந்தா இவளும் சிரிப்பா. நமக்குப் புள்ள வேணும்கிறதுக்காக இவளை இங்க வாட விடலாமா?"

"அவசரப்படாத கவி."

"அவ ஒவ்வொரு வாரமும் பையைத் தூக்கிட்டு நிக்கிறா. வாயத் தொறந்து சொன்னாத்தான் நமக்குப் புரியுமா?"

தத்துப் பிள்ளைகளைப் பற்றிக் கிடைத்ததையெல்லாம் படித்திருந்தேன். பொறுமை வேண்டும் என்று எல்லாவற்றிலும் இருந்தது. எதுவரைக்கும் என்று ஒன்றிலும் இல்லை. கொஞ்ச நாள் அங்கே இருக்கட்டும் என்றேன். கொஞ்ச நாள் என்பது பொய் என்று இருவருக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அமுதாவைக் கூட்டிக்கொண்டு கோயிலுக்குப் போனேன். சன்னிதியில் நின்றேன். பெரிதாக எதுவும் வேண்டவில்லை. "தாயே, இந்தப் பிள்ளை எங்களோடு இருக்க வேண்டும் என்று கேட்க எனக்கு உரிமை இருக்கிறதா, தெரியவில்லை. அவள் மனதில் இருப்பதை மட்டும் ஒரு தடவை சொல்லிவிடட்டும். அது எதுவானாலும் ஏற்றுக்கொள்கிறேன்." கண்ணைத் துடைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்தேன்.

அன்று பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு குடும்பம் கைக்குழந்தையை அம்மனுக்குத் தத்துக் கொடுத்து வாங்க வந்திருந்தது. பூசாரி குழந்தையைத் தூக்கி அதன் மாமன் கையில் கொடுத்தார். குழந்தை வீறிட்டு அழுதது. "ஐயோ, சீக்கிரம் பிடி தங்கச்சி, சட்டையெல்லாம் நனைச்சுட்டான்!" என்று அந்த மாமன் பதறினார். தாய் தவிட்டைக் கொடுத்துக் குழந்தையை வாங்கி மார்போடு அணைத்தாள். எல்லாரும் சிரித்தார்கள்.

அமுதா எழுந்து நின்றுவிட்டாள். என் சட்டைக் கையைப் பிடித்தாள். அந்த மழை நாளுக்குப் பிறகு அவளாக என்னைத் தொட்டது இதுவே முதல் தடவை.

"அந்தப் பாப்பாவ மட்டும் ஏன் திருப்பிக் கொடுத்தாங்க?" என்று கேட்டாள்.

எனக்கு விளங்கவில்லை. "எல்லாப் பாப்பாவையும் கொடுப்பாங்கம்மா."

"என்னைக் கொடுக்கல."

"யாரு கொடுக்கலம்மா?" என்று கேட்டேன்.

"சாமி என்னை மாமாகிட்டக் கொடுத்துச்சு. மாமா யார்கிட்டயும் கொடுக்கல. அதான் மாமா எப்பக் கூட்டிட்டுப் போவாங்கன்னு ரெடியா இருக்கேன்." பிறகு குரல் இறங்கியது. "உங்க வீட்லயே இருக்கட்டுமான்னு கேட்டா, சாமி கோவிச்சுக்குமா?"

மழை, தார்ப்பாய், சோற்றுப் பானை எல்லாம் என் கண் முன்னே வந்தது. கைக்குழந்தையாக இருந்தால் மாமன் கையில் கிடந்து அழும். வாங்காமல் யாரும் நகர முடியாது. இவள் ஆறு வயதுப் பிள்ளை. மச்சான் இறக்கிவிட்டதும் சொந்தக் காலில் நின்றாள். நடந்து வந்து எங்களோடு காரில் ஏறினாள். தவிடு தட்டோடு அப்படியே இருந்திருக்கிறது. எங்களில் ஒருவருக்கும் நினைவில்லை. இவள் மட்டும் அதை நினைத்துக்கொண்டே இத்தனை மாதம் எங்கள் வீட்டில் விருந்தாளியாக இருந்திருக்கிறாள்.

அந்த இடத்திலேயே மச்சானுக்குப் போன் போட்டேன். விஷயத்தைச் சொன்னேன். "நான் வரேன் மாப்ள. பூசாரிய நடை சாத்த வேணாம்னு சொல்லு" என்றார். நான் கூப்பிட்டதும் கவிதாவும் அம்மாவும் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார்கள். கவிதாவிடம் சொன்னதும் அவள் போய் அமுதாவின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

பூசாரி மறுபடி கற்பூரம் ஏற்றினார். மச்சான் வேலைச் சட்டையோடு, கண் சிவந்து நின்றார். அமுதாவைத் தூக்கினார். கவிதா தவிட்டைக் கொடுத்தாள்.

"இந்தா தங்கச்சி, உன் புள்ள" என்றார் மச்சான். பிறகு அமுதாவிடம், "மாமனுக்கு அறிவு கம்மி கண்ணு. மழையில மறந்துட்டேன்" என்றார்.

கவிதா அவளை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள். அமுதாவின் கால் இரண்டும் கவிதாவின் முழங்காலைத் தாண்டித் தொங்கின. அம்மா, "இறக்கி விடுடி, இடுப்பு ஒடிஞ்சிரும்" என்றார்.

"ஒடியட்டும் அத்தை" என்றாள் கவிதா.

அப்போதுதான் அமுதா அழுதாள். எங்கள் நாட்டுக்கு வந்ததிலிருந்து முதல் அழுகை. அம்மா, அம்மா என்று சத்தமாக, மூக்கு ஒழுக, ஒரு கைக்குழந்தையைப் போலவே அழுதாள். யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.

அன்பர்களே, நான் கேட்டது ஒரு வார்த்தை. தாய் எனக்கு மகளையே கொடுத்தாள். இப்போது எங்கள் வீட்டில் அமைதி என்பதே கிடையாது. கத்தரிக்காய் வேண்டாம் என்று சண்டை, தலை வார நேரமில்லை என்று சண்டை, அப்பாவுக்கு மலாய்ப் பாட்டு சரியாகப் பாட வரவில்லை என்று கேலி. நானும் மாறியிருக்கிறேன். முன்பு எதற்கும் புத்தகத்தைத் தேடுவேன். இப்போது முதலில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து, "என்ன நினைக்கிற கண்ணு?" என்று கேட்கிறேன். பிறகு காத்திருக்கிறேன்.

உங்கள் வீட்டிலும் பேசாத வாய் ஒன்று இருக்கலாம். பூட்டிய மனம் ஒன்று இருக்கலாம். கைவிட்டு விடாதீர்கள். தாயிடம் சொல்லுங்கள், அவள் காதில் விழும். வெள்ளிக்கிழமை மாலையில் நம் கோயிலுக்கு வாருங்கள். பூசை முடிந்ததும் பொங்கல் கொடுப்பது எங்கள் மகள்தான். கொஞ்சம் போதும் என்று சொல்லிப் பாருங்கள், கேட்க மாட்டாள். இலை நிறைய அள்ளிப் போட்டுவிட்டுத்தான் அடுத்தவரிடம் போவாள்.