லாகினில் தொலைந்த நாலு

கும்மிடிப்பூண்டியில் ஒரு கம்பி ஆலைக்கு நான்தான் வெப்சைட் எழுதிக் கொடுத்தேன். உருளையில் கம்பி சிக்கினால், அந்த மெஷின்மேல் ஒட்டியிருக்கும் க்யூஆர் கோடை ஃபிட்டர் தன் போனில் ஸ்கேன் செய்வார். எந்த மெஷின் என்று ஸ்விட்ச் ரூமுக்குத் தகவல் போகும். அங்கே கரண்டை நிறுத்தி பட்டனைத் தட்டினால், போனில் பச்சை டிக் வரும். அதன் பிறகுதான் உள்ளே கை விட வேண்டும்.

மெஷின் நம்பர் வெப் முகவரியின் வாலில், கேள்விக்குறிக்குப் பின்னால் ஒட்டிக்கொண்டு போகும். லாகின் செய்யாதவரை லாகின் பக்கத்துக்குத் தள்ளி, பிறகு திருப்பி அனுப்புவேன். அந்த ரீடைரக்டில் நம்பரைச் சேர்க்க மறந்து தொலைத்தேன். நம்பர் வராவிட்டால் ஒன்றாம் மெஷின் என்று வைத்துக்கொள்ளவும் எழுதியிருந்தேன். அது வெறும் சோம்பேறித்தனம். சோதித்தபோதெல்லாம் என் போன் லாகினிலேயே இருந்ததால் எதுவும் கண்ணில் படவில்லை.

ஆரம்பாக்கத்திலிருந்து வரும் ஃபிட்டர் ஒருவர் புதுப் போன் வாங்கினார். மறுநாள் காலை நாலாம் மெஷினில் ஸ்கேன் செய்து லாகின் போட்டார். நம்பர் தொலைந்துபோனதால் ஸ்விட்ச் ரூமில் ஒன்றாம் மெஷினை நிறுத்தினார்கள். பச்சை டிக் வந்தது. ஷெட் இரைச்சலில் நாலின் மோட்டார் உறுமுவது அவருக்குக் கேட்கவில்லை. கம்பி விடுபட்டதும் உருளை அவர் வலது கையை மணிக்கட்டுவரை இழுத்து நசுக்கியது. ஆஸ்பத்திரியில் கையை வெட்டி எடுத்துவிட்டார்கள்.

ஒரே வரியில் சரிசெய்தேன். அதைக் காட்டப் போன அன்று, அதே ஷெட்டில் ஃபிட்டராக இருக்கும் அவர் தம்பி என் செவுளில் ஓங்கி அறைந்தான். வாய்க்குள் ரத்தம் கரித்தது. வாங்கிக்கொண்டேன்.

பிறகு அவனே தன் போனில் லாகினை விட்டு வெளியே வந்து, நாலை ஸ்கேன் செய்து மறுபடி லாகின் போட்டான். பச்சை டிக் வந்தது. என் மணிக்கட்டை முறுக்கி உருளையிடம் இழுத்தான்.

"ஆஃப் ஆயிடிச்சுன்னு காட்டுது இல்ல? எழுதுனவன் நீதான? கைய உடு."

நான் கையைப் பின்னுக்கு இழுத்தேன். "இரு. ஸ்விட்ச் ரூம்ல ஒரு தபா பாத்துக்கினு வந்துர்றேன்."

அவன் பிடியைத் தளர்த்தினான்.

"எங்கண்ணன் போய்ப் பாக்கல. நீ எழுதுனத நம்பிச்சு."

போய்ப் பார்த்தேன். நாலாம் மெஷினின் ஸ்விட்ச்தான் அணைந்திருந்தது. திரும்பி வந்து உருளைக்குள் கையை விட்டேன்.